விண்டர்ஸ்குக்கெ (ஐசென்கார்டு இசைத்தொகுப்பு)

விண்டர்ஸ்குக்கெ என்பது நார்வே நாட்டைச் சேர்ந்த ஐசென்கார்டு என்னும் ஒருநபர் இசைக்குழுவின் தொகுப்பு இசைத்தட்டு ஆகும். 1994-ஆம் ஆண்டு வெளியான இத்தொகுப்பு 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் உருவாக்கப்பட்ட மூன்று டெமோ ஒலிநாடாக்களைக் கொண்டது. நார்வேஜிய மொழியில் இச்சொல்லுக்கு "குளிர்கால நிழல்" என்று பொருள். ஐசென்கார்டு குழுவின் ஒரே உறுப்பினர் ஃபென்ரிஸ் என்ற புனைபெயரால் அறியப்படும் கில்வே ஃபென்ரிஸ் நாகெல் ஆவார். இவர் டார்க்த்ரோன் என்ற புகழ்பெற்ற பிளாக் மெட்டல் குழுவின் டிரம்ஸ் இசைக்கலைஞரும் ஆவார்.

டெமோ என்பது பொதுவாக ஓர் இசைக்குழு தன் திறமையைக் காட்டுவதற்காகக் குறைந்த செலவில் செய்துகொள்ளும் முன்னோட்டப் பதிவாகும். விண்டர்ஸ்குக்கெயில் அப்பதிவுகள் மீண்டும் ஒருமுறை செம்மையாக இசைக்கப்படாமல், ஒலிநாடாவில் இருந்தவாறே முழுமையான படைப்பாக வெளியிடப்பட்டன. முன்னோட்டம் எவ்வாறு படைப்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும், தனியொருவர் இசைக்குழுவாக இயங்கும் வழக்கம் எவ்வாறு உருவானது என்பதையும் அறிய இத்தொகுப்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பெயர்க் காரணம்

ஐசென்கார்டு என்ற பெயர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய "தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" புதினத்தில் வரும் கோட்டையின் பெயராகும். நன்னெறியிலிருந்து தவறிய சாருமான் என்னும் மந்திரவாதி அங்கு வாழ்கிறான். முதல் ஒலிநாடாவின் தலைப்பில் வரும் கோர்கொரோத் என்பதும் அதே புதினத்தில் இடம்பெறும் பாழ்நிலப் பீடபூமி ஆகும். நார்வேயின் பிளாக் மெட்டல் குழுக்கள் பல டோல்கீனின் பெயர்களை எடுத்துக்கொண்டன. பர்சம், கோர்கொரோத் ஆகிய குழுக்களின் பெயர்களும் அங்கிருந்தே வந்தவை. டோல்கீன் தம் கதைமாந்தர் பெயர்கள் சிலவற்றைப் பழைய நார்சு மொழிப் பாடல்களான எட்டாக்களிலிருந்து பெற்றவர். ஆகவே வடநாட்டுத் தொன்மம் ஆங்கிலப் புதினம் ஒன்றின் வழியாகச் சுற்றி மீண்டும் நார்வே இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது எனலாம்.

பின்னணி

டெமோ ஒலிநாடா

ஒலிநாடா பரவலாவதற்கு முன்னர் இசைத்தட்டு வெளியிடுவது பெரிய நிறுவனங்களால் மட்டுமே இயன்ற செயலாக இருந்தது. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. எவரும் வீட்டிலேயே பதிவு செய்யவும் படியெடுக்கவும் முடியும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. 1980-களில் மெட்டல் இசை ரசிகர்கள் நாடு கடந்து அஞ்சல் வழியாகக் கேசட்டுகளைப் பரிமாறிக்கொண்டனர். ஒரு குழு தன் டெமோவைச் சில பிரதிகள் எடுத்து நண்பர்களுக்கும் ரசிகர் இதழ்களுக்கும் அனுப்பும். பெற்றவர் அதைப் படியெடுத்து வேறு சிலருக்கு அனுப்புவார். விளம்பரமோ வானொலியோ இன்றி ஒரு பாடல் ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்கு இவ்வாறு சென்றது.

இப்பரிமாற்றத்தின் விளைவு ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் ஒலிநாடாவின் இரைச்சல் கூடும். உச்ச ஒலிகள் மங்கும். ஐந்தாவது ஆறாவது பிரதியைக் கேட்ட ஒருவர் அம்மங்கலான ஒலியையே அவ்விசையின் இயல்பான ஒலியாகக் கொண்டார். சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர் குழுவின் 1983-ஆம் ஆண்டு டெமோக்களும், நார்வேயின் மேஹெம் குழுவின் 1986-ஆம் ஆண்டு டெமோவும் இவ்வாறே பரவின. இவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே 1990-களின் நார்வே பிளாக் மெட்டலை உருவாக்கியது.

பிளாக் மெட்டல்

பிளாக் மெட்டல் என்பது ஹெவி மெட்டல் இசையின் ஒரு கிளை ஆகும். இங்கிலாந்தின் வெனம் குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்து இப்பெயர் வந்தது. இவ்விசையின் பொதுவான இயல்புகள் வருமாறு:

- கித்தாரின் ஒரே நரம்பையோ சில நரம்புகளையோ இடைவிடாது மிக விரைவாக மீட்டுதல். இதனால் தனித்தனிச் சுரங்கள் கரைந்து ஒரே ஒலித்திரை போலக் கேட்கும்.
- டிரம்ஸ் வாத்தியத்தில் மிக விரைவான, மாறாத தாளம்.
- பாடுவதற்குப் பதிலாகக் கரகரத்த அலறல் குரல்.
- கூர்மையான, அடித்தளம் மெலிந்த ஒலிப்பதிவு.
- கிறித்தவ எதிர்ப்பு, பழைய சமயங்கள், இரவு, காடு, குளிர், தனிமை ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொள்ளுதல்.

சுவீடனின் பாத்தரி குழு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1983-இல் தொடங்கப்பட்ட அக்குழுவில் பலர் வந்து சென்றாலும் குவார்த்தான் என்பவரே பாடல்களை இயற்றி, பாடி, கித்தாரும் வாசித்தார். அவரது முதல் இசைத்தட்டு (1984) வாகனக் கொட்டகை ஒன்றை மாற்றியமைத்த சிறு பதிவுக்கூடத்தில் உருவானது. ஒருவரே குழுவாக இயங்குவதும், எளிய இடத்தில் பதிவு செய்வதும் தொடக்கத்திலிருந்தே இம்மரபில் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

ஃபென்ரிசும் டார்க்த்ரோனும்

ஃபென்ரிஸ் 1971-ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று பிறந்தவர். ஓஸ்லோ நகருக்குத் தெற்கே உள்ள கோல்பொட்ன் என்ற ஊரில் 1986-இல் நண்பர்களுடன் ஒரு குழுவைத் தொடங்கினார். அதுவே பின்னர் டார்க்த்ரோன் ஆயிற்று. அக்குழுவின் முதல் இசைத்தட்டான "சோல்சைடு ஜர்னி" 1991-இல் இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இது சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், அக்காலத்தில் டெத் மெட்டல் இசைக்குப் பெயர்பெற்றிருந்த சன்லைட் பதிவுக்கூடத்தில் பதிவானது. இசை நுட்பமும் ஒலித்தெளிவும் மிக்க இவ்விசைத்தட்டுக்குப் பின்னர் அதே வழியில் செல்வது குழுவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

எனினும் 1991-இல் டார்க்த்ரோன் டெத் மெட்டலைக் கைவிட்டுப் பிளாக் மெட்டலுக்கு மாறியது. இரண்டாவது இசைத்தட்டான "எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை" (1992) தம் ஊரிலேயே உள்ள கிரியேட்டிவ் பதிவுக்கூடத்தில் உருவானது. முந்தைய நடையையே எதிர்பார்த்திருந்த பீஸ்வில் நிறுவனம் இம்மாற்றத்தை விரும்பவில்லை. இருப்பினும் குழு தன் நிலையில் உறுதியாக நின்றது. இதே ஆண்டுகளில், குழுவுக்கு வெளியே, ஃபென்ரிஸ் தனியாகச் செய்துவந்த பதிவுகளே ஐசென்கார்டு ஒலிநாடாக்கள் ஆகும்.

மூன்று ஒலிநாடாக்கள்

ஸ்பெக்டர்ஸ் ஓவர் கோர்கொரோத் (1989)

ஃபென்ரிஸ் பதினெட்டு வயதை எட்டிய ஆண்டில் உருவான முதல் டெமோ இது. "கோர்கொரோத்தின் மேல் ஆவிகள்" என்று தலைப்பைப் பெயர்க்கலாம். டார்க்த்ரோன் இன்னும் முதல் இசைத்தட்டை வெளியிட்டிராத காலம் அது. தடித்த, தாழ்ந்த கித்தார் ஒலியும் உறுமும் குரலும் இதில் மேலோங்கியுள்ளன. "ரைஸ் ஃபிரம் பிலோ", "டார்க் லார்ட் ஆஃப் கோர்கொரோத்" போன்ற ஆங்கிலத் தலைப்புகள், உலகெங்கும் கேசட் பரிமாறிக்கொண்ட ரசிகர்களின் பொதுமொழியைக் காட்டுகின்றன.

ஹொரைசன்ஸ் (1991)

"தொடுவானங்கள்" எனப் பொருள்படும் இரண்டாவது டெமோ, டார்க்த்ரோன் தன் பாதையை மாற்றிக்கொண்ட ஆண்டில் உருவானது. முதல் ஒலிநாடாவின் நேரடியான தாக்குதல் இதில் குறைந்து, வேறு நடைகளையும் வேறு குரல் முறைகளையும் சோதித்துப் பார்க்கும் போக்கு மிகுந்துள்ளது. ஒரு குழுவில் நால்வர் ஒப்புக்கொண்டால்தான் செய்ய இயலும் மாற்றத்தைத் தனியொருவர் ஒரே இரவில் செய்துபார்க்கலாம். இவ்வகையில் இதனை ஒரு சோதனைச்சாலை என்று கருதலாம்.

வாண்ட்ரெரென் (1993)

"அலைந்து திரிபவன்" என்னும் பொருள்கொண்ட மூன்றாவது டெமோவே தொகுப்பின் இதயம் ஆகும். தலைப்புகள் பெரும்பாலும் நார்வேஜிய மொழிக்கு மாறிவிட்டன. தொகுப்பின் தலைப்புப் பாடலான "விண்டர்ஸ்குக்கெ"யும், "யென்னொம் ஸ்கூகென் தில் புளோஃபியெல்லெனெ" (காட்டின் வழியே நீலமலைகளுக்கு), "ஊத் இ வன்னெத்ஸ் தீப் வூர் மோர்கெத் ஹ்வீலெர்" (இருள் துயிலும் நீரின் ஆழத்துக்கு), "தொம்மெதாக்ஸ்சல்மெ" (ஊழிநாள் துதிப்பாடல்) ஆகியனவும் இக்காலத்தவை. "நாக்ல்ஃபார்" என்ற பாடலின் பெயர் நார்சு தொன்மத்திலிருந்து வந்தது. இறந்தோரின் நகங்களால் கட்டப்பட்டு, உலக முடிவின்போது புறப்படும் கப்பலே நாக்ல்ஃபார் ஆகும்.

இவ்வொலிநாடாவில் அலறலுக்கு ஈடாக இயல்பான பாட்டுக்குரலும் இடம்பெறுகிறது. நீட்டி இழுத்து, ஓதுவது போன்று பாடப்படும் அக்குரல் பிளாக் மெட்டலில் அப்போது அரிதாகவே கேட்கப்பட்டது. சுருதி சில இடங்களில் சற்று விலகினாலும் அவை திருத்தப்படவில்லை. மலைச்சரிவில் தனியாக நடப்பவர் தனக்காகப் பாடிக்கொள்வதைப் போன்ற உணர்வை அது தருகிறது.

1994-ஆம் ஆண்டுத் தொகுப்பில் காலத்தால் பிந்திய வாண்ட்ரெரென் முதலிலும், பழைய ஒலிநாடாக்கள் அதனைத் தொடர்ந்தும் வைக்கப்பட்டன. கேட்பவர் முதிர்ந்த நடையிலிருந்து தொடங்கி அதன் தொடக்கங்களை நோக்கிப் பின்னோக்கிச் செல்கிறார்.

ஒருநபர் ஒலிப்பதிவு முறை

ஒரே நபர் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், குரல் ஆகிய அனைத்தையும் எவ்வாறு பதிவு செய்ய இயலும் என்ற ஐயம் எழலாம். இதற்கு அடிப்படையானது பல்தடப் பதிவு ஆகும்.

சாதாரணக் கேசட்டின் நாடா ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர் அகலமுடையது. அதில் நான்கு இணைகோட்டுத் தடங்கள் உள்ளன: ஒரு பக்கத்தின் இடம், வலம் ஆகிய இரண்டு தடங்களும், மறுபக்கத்தின் இரண்டு தடங்களும். டியாக் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவி, கேசட்டைத் திருப்பிப் போடும் வழக்கத்தை விட்டு, நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. ஒலித்தரத்தை உயர்த்த நாடா வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்காக, அதாவது நொடிக்குச் சுமார் 9.5 சென்ட்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. மேசைமேல் வைக்கத்தக்க இத்தகைய கருவிகள் பெருங்கூடங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வசதியை வீட்டுக்குக் கொண்டுவந்தன.

தனியாகப் பதிவு செய்பவர் பொதுவாகப் பின்பற்றும் படிகள்:

1. முதல் தடத்தில் டிரம்ஸ் பதிவு செய்யப்படும். உடன் வாசிப்பவர் எவரும் இல்லாததால், வாசிப்பவர் பாடலின் முழு அமைப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டே தாளம் இட வேண்டும்.
2. அதனைக் காதணி கேட்பியில் கேட்டவாறே இரண்டாம் தடத்தில் கித்தார் வாசிக்கப்படும்.
3. மூன்றாம் தடத்தில் மற்றொரு கித்தாரோ பேஸ் கித்தாரோ சேர்க்கப்படும்.
4. நான்காம் தடத்தில் குரல் பதிவாகும்.

நான்கு தடங்கள் போதாவிடின் முதல் மூன்றையும் கலந்து நான்காம் தடத்துக்கு மாற்றி, முதல் மூன்றையும் அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் இம்முறையில் இரண்டு இழப்புகள் உண்டு. முதலாவது, மாற்றப்பட்ட ஒலி ஒரு படி மங்கி, நாடா இரைச்சல் கூடுகிறது. இரண்டாவது, கலவையைப் பின்னர் மாற்ற இயலாது. கித்தார் அளவுக்கு மீறி உரத்திருந்தாலும் டிரம்ஸ் அமுங்கியிருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கணினியில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இன்றைய பதிவு முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே ஆகும்.

ஃபென்ரிஸ் இத்தகைய கையடக்கப் பதிவு முறையில் தேர்ச்சி பெற்றவர். டார்க்த்ரோன் குழுவின் நான்காவது இசைத்தட்டான "டிரான்சில்வேனியன் ஹங்கர்" (1994) தொழில்முறைக் கூடத்தில் பதிவாகவில்லை. தம் வீட்டில் நான்கு தடக் கருவியைக் கொண்டு ஃபென்ரிஸ் அமைத்து, நெக்ரோஹெல் என்று பெயரிட்ட பதிவிடத்தில் அது உருவானது. அதன் அனைத்து இசைக்கருவிகளையும் அவரே வாசித்தார். குழுவின் மற்ற உறுப்பினரான நாக்டர்னோ கல்டோ குரல் மட்டும் அளித்தார். டெமோ செய்வதற்கான கருவி முழு இசைத்தட்டுக்கும் போதும் என்று காட்டிய இப்படைப்பு, பிளாக் மெட்டல் வரலாற்றில் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்ட இசைத்தட்டுகளுள் ஒன்றாயிற்று.

கரடுமுரடான ஒலி: இயலாமையா, தேர்வா?

இவ்வகை ஒலிநாடாக்களை முதன்முறை கேட்போர் பெரும்பாலும் "பதிவு சரியில்லை" என்றே கருதுவர். பணமும் வாய்ப்பும் இல்லாமையால் ஒலி கரடுமுரடாக அமைந்தது என்பது பல டெமோக்களுக்குப் பொருந்தும். ஃபென்ரிசைப் பொறுத்தவரை 1989-ஆம் ஆண்டு ஒலிநாடாவுக்கும் இது பொருந்தும். ஆனால் 1993-ஆம் ஆண்டுக்குப் பொருந்தாது. அதற்குள் அவர் ஸ்டாக்ஹோமின் தொழில்முறைக் கூடத்தில் பதிவு செய்தவர். அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டவர். தெளிவான ஒலி எப்படிப் பெறப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே அதனை வேண்டாம் என்று விட்டார். ஆகவே ஒரே தொகுப்பின் உள்ளேயே தேவையால் வந்த கரடுமுரடும் தேர்வால் வந்த கரடுமுரடும் அருகருகே உள்ளன.

இத்தேர்வுக்கு இசை சார்ந்த காரணங்களும் உண்டு. விரைவாக மீட்டப்படும் கித்தாரும் நாடா இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து, காற்றையோ பனிப்பொழிவையோ ஒத்த தொடர் ஒலியாகின்றன. நம் இசையரங்கில் தம்புரா பின்னால் ஒலித்துக்கொண்டிருப்பது போல, இத்தொடர் ஒலி மெட்டுக்கு ஒரு நிலையான தளத்தை அளிக்கிறது. குரல் அத்தளத்தின் பின்னால், தொலைவிலிருந்து வருவது போல் கேட்கிறது. ஒலி தெளிவாக்கப்பட்டால் இத்தொலைவு மறைந்துவிடும். பாடலின் பொருளான தனிமையும் அதனுடன் குறைந்துவிடும்.

டெமோவே படைப்பாக அமைவது பிளாக் மெட்டலுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் போர்ட்டாஸ்டுடியோ 144 கருவியில் தம் வீட்டில் தனியாகப் பதிவு செய்த டெமோக்களைப் பின்னர் தம் குழுவினருடன் கூடத்தில் மீண்டும் பதிவு செய்து பார்த்தார். அதில் நிறைவு கொள்ளாமல் அந்தக் கேசட்டையே "நெப்ராஸ்கா" என்னும் இசைத்தட்டாக வெளியிட்டார். இசை வகைகள் முற்றிலும் வேறானவை. எனினும் இருவரும் கண்டறிந்தது ஒன்றே. முதன்முதலில், எவரும் கேட்கவில்லை என்ற எண்ணத்தில் பாடப்பட்டதை மீண்டும் பாடிப் பெற இயலாது.

நாட்டுப்புறக் கூறுகள்

1840-களில் ஆஸ்பியோர்ன்சென், மோ ஆகிய இருவரும் நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினர். மலைப்பூதங்களும் நீர்வாழ் ஆவிகளும் நிறைந்த அக்கதைகளுக்குத் தியோடர் கிட்டெல்சென் (1857–1914) போன்ற ஓவியர்கள் உருவம் கொடுத்தனர். 1990-களின் பிளாக் மெட்டல் இளைஞர்கள் இம்மரபை மீண்டும் கையிலெடுத்தனர். பர்சம் குழுவின் இசைத்தட்டு உறைகளில் கிட்டெல்செனின் ஓவியங்கள் இடம்பெற்றுள்ளன.

விண்டர்ஸ்குக்கெயில் இம்மரபு மெட்டுகளின் அமைப்பிலும் குரலிலும் வெளிப்படுகிறது. "ஃபான்தென் லொக்கெர் தில் ஸ்தூபெத்" (சாத்தான் செங்குத்துப் பாறைக்கு அழைக்கிறான்) என்ற பாடலின் தலைப்புடன் "புதுமரபு" என்று பொருள்படும் குறிப்பு ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய பாடலைத் திரும்பப் பாடாமல், பழைய பாடல் போன்ற புதியதொன்றை இயற்றும் நோக்கத்தை அது காட்டுகிறது. நார்வேயின் ஹார்தாங்கர் வயலினில் வில்படும் நரம்புகளுக்குக் கீழே, தாமாகவே அதிரும் நரம்புகளும் உண்டு. அவை இடைவிடாத ரீங்காரத்தை எழுப்பும். ஐசென்கார்டின் கித்தார் ரீங்காரம் அயல்நாட்டு மெட்டல் இசையிலிருந்து வந்ததே எனினும், அத்தகைய ஒலிக்குப் பழகிய செவிக்கு அது முற்றிலும் அந்நியமானதாக இராது.

வெளியான சூழலும் சர்ச்சைகளும்

மூன்று ஒலிநாடாக்களும் உருவான காலத்தில் நார்வே பிளாக் மெட்டல் வட்டம் கடும் குற்றங்களுக்காகச் செய்திகளில் இடம்பெற்றது. 1992-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று பெர்கன் நகருக்கு அருகே இருந்த ஃபன்டோஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு பல தேவாலயங்களும் தீக்கிரையாயின. 1993-ஆம் ஆண்டு ஆகத்து 10 அன்று மேஹெம் குழுவின் கித்தார் கலைஞர் ஓய்ஸ்டைன் ஓர்செத், பர்சம் என்ற ஒருநபர் குழுவை நடத்திய வார்க் விக்கெர்னெசால் கொல்லப்பட்டார். கொலைக்காகவும் தேவாலய எரிப்புகளுக்காகவும் விக்கெர்னெசுக்கு 1994-இல் 21 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் 2009-இல் விடுதலையானார். ஃபென்ரிஸ் இக்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர் அல்லர்.

எனினும் ஃபென்ரிசும் கண்டனத்துக்கு உள்ளானார். 1994-இல் "டிரான்சில்வேனியன் ஹங்கர்" வெளிவந்தபோது, அதனை விமர்சிப்போரை யூதர்களை இழிவுபடுத்தும் சொற்களால் சாடிய அறிக்கை ஒன்று குழுவின் பெயரில் வெளியாயிற்று. இசைத்தட்டின் பின்னுறையில் "ஆரிய" என்ற அடைமொழியும் இருந்தது. பாடல்களுள் பாதிக்கு வரிகள் எழுதியவர் விக்கெர்னெஸ். பீஸ்வில் நிறுவனம் அவ்வறிக்கையை வெளிப்படுத்தியதும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. குழு மன்னிப்புக் கோரியது. அச்சொற்றொடர் பின்னுறையிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த இசைத்தட்டான "பன்ட்சர்ஃபௌஸ்ட்" (1995) உறையில், தாம் நாசிக் குழுவோ அரசியல் குழுவோ அல்ல என்று டார்க்த்ரோன் அறிவித்தது.

தனியாக இயங்கும் கலைஞரை எவரும் தடுப்பதில்லை. மெட்டு வழக்கத்துக்கு மாறானது என்றோ, ஒலி கரடுமுரடானது என்றோ அவரிடம் சொல்ல எவரும் இலர். விண்டர்ஸ்குக்கெயின் புதுமைக்கு அதுவே காரணம். சொல்லும் சொல் தவறானது என்று உணர்த்தவும் அருகில் எவரும் இருப்பதில்லை. ஒருநபர் பிளாக் மெட்டல் குழுக்கள் சில பிற்காலத்தில் இனவெறிக் கருத்துகளைப் பரப்பும் கருவிகளாகவும் மாறின. ஆகவே இவ்விசையைப் பயில்வோர் ஒலியை மட்டுமன்றி, ஒவ்வொரு குழுவின் கருத்து நிலையையும் தனித்தனியே அறிந்துகொள்வது தேவையாகும்.

பிற்காலம்

ஐசென்கார்டு 1995-இல் "ஹோஸ்ட்மோர்கெ" (இலையுதிர்கால இருள்) என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. டெமோக்களின் தொகுப்பாக அன்றி, முழு இசைத்தட்டாகவே திட்டமிடப்பட்ட படைப்பு அது. நாட்டுப்புற நடை அதில் மேலும் வலுப்பெற்றது. அதே ஆண்டில் ஃபென்ரிஸ், சாட்டிரிகான் குழுவின் சாட்டிர், பாடகி காரி ரூஸ்லோத்தன் ஆகியோருடன் ஸ்டோர்ம் என்ற குழுவில் இணைந்து நார்வே நாட்டுப்புறப் பாடல்களை மெட்டல் வடிவில் வெளியிட்டார். நெப்டியூன் டவர்ஸ் என்ற பெயரில் மின்னணுவியல் இசையையும் தனியாக உருவாக்கினார். அதன்பின் அவரது கவனம் பெரும்பாலும் டார்க்த்ரோன் மீதே இருந்தது. 1989 முதல் 1993 வரை பதிவாகி வெளிவராதிருந்த ஐசென்கார்டு பாடல்கள் 2020-இல் "வோர்யெவ்ன்தோக்ன்" (வசந்தகாலச் சம இரவு நாள்) என்ற தலைப்பில் பீஸ்வில் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன.

ஃபென்ரிஸ் இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் நார்வே அஞ்சல் துறையில் பணியாற்றியவர். 2008-ஆம் ஆண்டு வெளியான "அன்டில் த லைட் டேக்ஸ் அஸ்" என்ற ஆவணப்படம் அவரை விரிவாகக் காட்டுகிறது. தம் ஊரின் உள்ளாட்சி மன்றத்துக்கு மாற்று உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2016-இல் செய்தியாயிற்று. பூனையைக் கையில் ஏந்திய படத்துடன் "எனக்கு வாக்களிக்க வேண்டாம்" என்பதே அவர் செய்த பரப்புரை.

தாக்கம்

1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒருநபர் பிளாக் மெட்டல் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் சாஸ்தூர், லெவையதன், ஆத்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவைச் சேர்ந்த ஸ்டிரிபோர்க், சுவிட்சர்லாந்தின் பேய்சாஜ் திவேர் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் பேய்சாஜ் திவேர் 1998 முதல் தன் நீண்ட படைப்புகளை டெமோ என்றே அழைத்து வெளியிட்டது. தன் முதல் முழு இசைத்தட்டு என்று 2020-இல் வெளியான படைப்பையே குறிப்பிட்டது. டெமோ என்ற சொல் முன்னோட்டம் என்ற பொருளை இழந்து, ஒரு கலை வடிவத்தின் பெயராகவே ஆகிவிட்டதை இது காட்டுகிறது.

கணினி வழியாகத் தெளிவான ஒலியை எவரும் பெறக்கூடிய காலத்திலும் பல இளைஞர்கள் கேசட்டிலேயே டெமோக்களைச் சிறு எண்ணிக்கையில் வெளியிடுகின்றனர். முற்காலத்தில் கேசட் மலிவானது என்பதால் பயன்பட்டது. இன்று அதன் இரைச்சலுக்காகவே அது நாடப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- பிளாக் மெட்டல்
- டார்க்த்ரோன்
- பாத்தரி (இசைக்குழு)
- பல்தட ஒலிப்பதிவு
- நார்சு தொன்மவியல்